ணைக்குப் பதிலாக ஒரு றை

போன மாதம் மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருந்தபோது ஷர்மிளா டீச்சர் போன் பண்ணினார். டவுன் கிறிஸ்தவ சபையில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பாடும் குழுவை நடத்துகிறவர். அவருடைய கல்யாணக் கார்டை அடித்தவன் நான் என்பதால் என்னை மறக்கவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்பார்கள்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நானா, 'பனிமலையில் விடியுமுன்னே' பாட்டு ஒங்க பிரஸ்லதானே மொதமொதல்ல அச்சடிச்சது? இந்த நத்தாருக்கு வீடியோ எடுக்கிறோம். பாட்டுக்கு முன்னால அதோட வரலாறு ஒரு நிமிஷம் வரணும். யாரு எழுதினதுன்னு சபையில ஒருத்தருக்கும் தெரியல. மரபுப் பாடல்னு போட்டுறவா?"

எழுதிய மனிதர் மண்ணுக்குள் போய்ப் பதினேழு வருடம்தான் ஆகிறது. அதற்குள் அவரை மரபாக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் வருகிறது என்று யோசித்தபோது அது என் பக்கம்தான் திரும்பியது. "போடாதீங்க டீச்சர். எழுதினவருக்குப் பேர் இருக்கு. நான் எழுதித் தாறேன்," என்றேன். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சங்கதி இல்லை இது.

நான் எழுத்துக் கோப்பவன். முப்பத்தெட்டு வருடம் ஒரே பிரஸ். பதினெட்டு வயதில் வாப்பா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்; ஆறு மாதம் கூட்டினேன், துடைத்தேன், பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் படித்தேன். ஈய எழுத்துக்காக நான் அழவில்லை. ஈயம் விரல் நுனியைக் கறுப்பாக்கும், நெஞ்சைக் கெடுக்கும். கம்ப்யூட்டரில் பிழையைத் திருத்த ஒரு தட்டுப் போதும் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிரஸ் முதலாளியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். உயரமான மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. மையின் நடுவே உட்கார்ந்து நாள் முழுக்க ஒரு பொட்டுக் கறை படாமல் வீட்டுக்குப் போவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழை விட்டவனைக் கூப்பிட்டு, எதிரே நிற்க வைத்து, அந்தப் பிழையை அவன் வாயாலேயே மூன்று தரம் வாசிக்கச் சொல்வார். அடி விழுந்திருந்தால் அதை மறந்திருப்போம்.

அச்சுக்கு வரும் கையெழுத்துத் தாளை நாங்கள் கொப்பி என்போம். கொப்பியைப் பற்றி ஹாஜியாருக்கு ஒரே சட்டம். "கொப்பில ஈக்கிறத அப்படியே கோத்துட்டுப் போங்க மகன். மூளைய செருப்போட சேத்து வெளிய கழட்டி வெச்சிட்டு வாங்க. எழுதினவர்ட பிழை எழுதினவருக்கு. எங்கட பிழை எங்களுக்கு."

கோத்து முடித்ததும் ஒரு புரூப் எடுப்போம். ஆர்டர் தந்தவர் வந்து அதை வாசிக்க வேண்டும். அதற்கு ஹாஜியார் வைத்திருந்த முறையைப் பார்த்தால் கல்யாணப் பதிவு நடக்கிறது என்று நினைப்பீர்கள். கதிரை போடுவார். ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார். தானே சீவிய பென்சிலைக் கையில் கொடுப்பார். புரூப்பையும் கொப்பியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் விரல் வைத்து வாசிக்கச் சொல்வார். வாசித்து முடியும்வரை யாரும் பேசக்கூடாது, மிஷினைக்கூட நிறுத்திவிடுவார். கடைசியில் புரூப்பின் அடியில் "சரி, அடிக்கலாம்" என்று அவர்கள் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும். கொப்பி ஒரு வருடம் சுவர் ஆணியில் குத்தியிருக்கும். பிறகு கட்டாகக் கட்டிக் கடலைக் கடைக்குப் போகும்.

எனக்கோ மூளையைச் செருப்போடு கழற்றி வைக்க முடியவில்லை. தமிழ் எனக்கு நன்றாக வரும் என்ற திமிர் இருந்தது. அகராதி பார்ப்பேன். கல்யாணக் கார்டில் "திருமனம்" என்று எழுதி வருபவர்களுக்குச் சத்தமில்லாமல் "திருமணம்" ஆக்கிக் கொடுப்பேன். அவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். டவுனில் எனக்கு "இலக்கணம் நானா" என்று பட்டப்பெயரே இருந்தது. கிண்டலுக்குச் சொன்னார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பிரஸ்ஸில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தபோது, ஒரு டிசம்பர் தொடக்கத்தில் தேவசகாயம் உபதேசியார் வந்தார். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரித் தொழிலாளி. கொழுந்து அரைக்கும் ரோதையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஜெபம் நடத்துவார். போதகர் டவுனில் இருந்து மாதம் ஒரு முறைதான் மேலே ஏறுவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், வியாதிக்காரர் வீட்டு ஜெபம், அடக்கம் எல்லாம் உபதேசியார்தான். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டத்துரை கூட "உபதேசியார்" என்றுதான் சொல்வாராம். அந்த மனிதரிடம் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"நானா, ஒரு பாட்டு எழுதியிருக்கேங்க. ரோதை ஓடுற சத்தத்துலயே மெட்டு வந்திருச்சு. நூத்தம்பது தாள் அடிச்சுத் தரணும்," என்றார். ரூல் போட்ட ஒற்றைத் தாள். உருட்டி உருட்டி எழுதிய எழுத்து. முதல் நாலு வரி இது:

பனிமலையில் விடியுமுன்னே பாலன் வந்தான்,
பாதி ரொட்டிப் பங்கினிலே பசி மறந்தோம்;
முன்னணையில் கிடந்தவனே, முகம் காட்டு,
முப்பது காம்பராவும் உன் வீடு.

அடியில், "இயற்றியவர்: தே. தேவசகாயம், உபதேசியார்" என்று இருந்தது.

மூன்றாவது வரியில் கை நின்றது. முன்னணை. அப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதில்லை. மாட்டுக்குத் தீனி போடும் தொட்டிக்கு வேதப் புத்தகத்தில் அந்தப் பெயர் என்று ஒரு கிறிஸ்தவப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. அடுத்த வரியைப் பார்த்தேன், காம்பரா என்று இருந்தது. லயத்தில் காம்பரா என்றால் வீடு. வீடு என்றால் முன்னறை இருக்கும். கை தவறி "றை"க்குப் பதில் "ணை" போட்டுவிட்டார், பாவம் என்று முடிவு கட்டினேன்.

இதைப் பிறகு பலரிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்து "ணை" தும்பிக்கை வைத்த தனி எழுத்து, பெட்டியில் எப்போதும் பஞ்சம், அதனால் மாறிப்போயிருக்கும் என்பேன். பொய். பெட்டியில் ஒன்பது "ணை" கிடந்தது. எனக்குத் தெரியாத தமிழ்ச் சொல் ஒரு ஃபெக்டரித் தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

புரூப் பார்க்க அவர் வந்த நேரம் ஹாஜியார் மதியம் லுஹர் தொழப் போயிருந்தார். கதிரை போட்டேன், தண்ணீர் வைத்தேன். கொப்பியைப் பக்கத்தில் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். திருத்தியதைக் காட்டி எதற்கு வீணாக ஒரு கதை என்று விட்டேன். உபதேசியார் உட்காரவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்து, மெதுவாகப் பாடத் தொடங்கினார். தான் எழுதிய பாட்டை அச்சில் பார்த்த மனிதர் அதை வாசிப்பாரா என்ன. பாட்டு அவர் மனதில் இருந்து வந்தது, தாளில் இருந்து வரவில்லை.

அவர் "முன்னணையில்" என்று பாடியது என் காதில் தெளிவாக விழுந்தது. தோட்டத்து வாய், "றை" அப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் "சரி, அடிக்கலாம்" என்று எழுதி ஒப்பமிட்டார்.

நத்தாருக்கு ஒரு வாரம் முந்தி, தோட்டத்தில் பாடப் போகிறோம், வாங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். தூறல். நாற்பது பேர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தேவாரம் பாடும் வீட்டுப் பிள்ளைகளும் அதில் பாதி. உபதேசியாருக்கு அந்த வாரம் ஃபெக்டரியில் இரட்டைச் சிப்ட், அதனால் பாட்டைப் பழக்கியது அவர் மகள் எஸ்தர். இருபது வயதிருக்கும். தாளைப் பார்த்து, தாளில் இருந்தபடியே பழக்கியிருந்தாள்.

இரண்டு தப்பு மேளம், ஒரு ஆர்மோனியம், நாற்பது தொண்டை. உபதேசியார் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவருடைய "ணை" யாருக்கும் கேட்கவில்லை. மற்றவர்களுடைய "றை" அவருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது லயத்தில், "முன்னறையில் கிடந்தவனே, முகம் காட்டு" என்று பாடியபோது ஒரு வீட்டுக் கதவு திறந்தது. நடுத்தர வயதுப் பொம்பிளை ஒருவர் வாசலில் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பாட்டு நின்றது. "நிப்பாட்டாதீங்க, இன்னொருக்காப் பாடுங்க," என்றார் அந்த அம்மா.

நான் எஸ்தரைப் பார்த்தேன். "அவங்க மகன் இந்த வருசம் பாம்பு கடிச்சுச் செத்துட்டாருங்க. முன்னறையிலதான் ரெண்டு நாள் கெடத்தியிருந்தாங்க," என்றாள்.

லயத்துக் காம்பராவில் செத்தவரைக் கிடத்த வேறு இடம் ஏது. முன்னறையில் கிடப்பது என்றால் அங்கே அதுதான் அர்த்தம். மூன்று தரம் பாடினார்கள். இறந்த மகனிடம் முகம் காட்டு என்று கேட்கிற பாட்டாக அது மாறி நின்றது. தூறலில் நின்ற எனக்கும் கண் கலங்கியது. அதோடு வெட்கமில்லாத ஒரு நினைப்பும் வந்தது. திருத்தியது நான்தானே, என் சொல்தானே இவர்களை அழ வைக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு டவுன் சபையில் எல்லாத் தோட்டத்துப் பாடகர்களும் சேர்ந்து பாடும் ஆராதனை. நிகழ்ச்சித் தாள்கள் எங்கள் பிரஸ்ஸில்தான் அடித்தது. கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாட்டைக் கேட்கலாமே என்று வாசலுக்கு வெளியே குடையோடு நின்றேன். டவுனுக்கு அந்த வருடம்தான் ஒரு புதுப் போதகர் வந்திருந்தார். வேத பாடம் வாசித்தார். பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினதாக வந்தது.

அப்படி ஒரு சொல் இருக்கிறது. உபதேசியாரின் வாய் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு எல்கடுவத் தோட்டத்துக்காரர்கள் பாடினார்கள். மண்டபம் சின்னது, தப்பு மேளமும் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பாடி முடிந்ததும் போதகர் தாளைத் தூக்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே கேட்டார். "ஆண்டவர் எந்த வீட்டு முன்னறையில் பிறந்தார், உபதேசியாரே? வந்தவங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாங்களா?" சபை சிரித்தது. உபதேசியார் தன் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தார். அச்சடித்து மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை வாசித்திருக்கிறார். "நான் முன்னணைன்னுதாங்க எழுதினேன், ஐயா," என்றார். "எழுதினதைக் காட்டுங்க. முன்னணை தெரியாதவர் எனக்குப் பதிலாப் பிரசங்கம் பண்ண முடியாது," என்றார் போதகர், அந்தச் சிரிப்பு மாறாமலே.

உள்ளே போய், பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலுக்கும் எனக்கும் நடுவே நாலு படி இருந்தது. குடையை மடக்காமலே பிரஸ்ஸுக்கு நடந்தேன்.

ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆணியில் இருந்து கொப்பியை எடுத்தார், புரூப்பை எடுத்தார், இரண்டிலும் விரல் வைத்து வாசித்தார். என்னை மூன்று தரம் வாசிக்கச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இது வெளிய போனா என்ன கதை வரும் தெரியுமா மகன்? சோனக முஸ்லிம்கள்ட பிரஸ்ல வேதத்த வேணுமிண்டே மாத்திட்டாங்கண்டு வரும். எழுத்துப் பிழையிண்டு யாரு நம்புவாங்க? இது சின்ன ஊரு. நாட்டு நெலமயும் ஒங்களுக்குத் தெரியும்." கொப்பியை மேசையின் லாச்சிக்குள் வைத்தார். "அவர் வந்து கேட்டா, கடலைக் கடைக்குப் போயிட்டுண்டு சொல்லுங்க."

அவர் பயந்தது முழுக்கப் பொய்ப் பயம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

நத்தார் முடிந்த மூன்றாம் நாள் உபதேசியார் வந்தார். கையில் ஒரு பார்சல், வாழை இலையில் சுற்றிய பலகாரம். மேசையில் வைத்தார். "நத்தாருக்குச் செஞ்சதுங்க நானா, பிள்ளைகளுக்குக் குடுங்க." பிறகு, "அந்தப் பாட்டு எழுதின கடுதாசி இருக்குமுங்களா? பாஸ்டர் ஐயா பாக்கணும்னு சொன்னாரு. அதக் காட்டினா ஞாயித்துக்கிழமை ஜெபத்தத் திரும்பக் குடுத்துருவாரு," என்றார். குரலில் கோபமே இல்லை. என்னைப் பிழை சொல்ல அவர் வரவில்லை. சாட்சி கேட்டு வந்திருந்தார்.

லாச்சி என் முழங்காலுக்கு நேரே இருந்தது. ஹாஜியார் பில் புத்தகத்தில் தலையைக் குனிந்திருந்தார்.

"இல்லையே உபதேசியார். பழைய கொப்பியெல்லாம் கட்டிக் கடலைக் கடைக்குப் போட்டாச்சு."

"ஒரு வருசம் இருக்கும்னு சொன்னீங்களே, நானா."

"இந்த வருசம் முந்தியே போட்டுட்டாங்க."

கொஞ்ச நேரம் ஆணியைப் பார்த்தார். அதில் அந்த மாதத்துத் தாள்கள் தடிமனாகக் குத்தியிருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். "நானா, நீங்க கோக்கும்போது அதுல என்ன இருந்துச்சுங்க? ஞாபகம் இருக்கா?"

இதை ஹாஜியார் எனக்குச் சொல்லித் தரவில்லை. இது நானே சொன்னது. "கொப்பில இருந்ததத்தான் கோத்தேன்."

"சரிங்க," என்றார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிட நடை. எல்கடுவ பஸ் புறப்பட இன்னும் அரை மணி இருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஹாஜியார் லாச்சியைத் திறந்து அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ரோலரத் தொடச்சிட்டு வாங்க," என்றார். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன். பலகாரத்தை ஹாஜியார் தொடவில்லை. நானும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அதற்குப் பிறகு உபதேசியார் வேலை வேறொருவருக்குப் போயிற்று. தேவசகாயம் கோயிலில் கடைசி வாங்கில் உட்காரத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். பாட்டைக் கோயிலுக்குள் பாடக்கூடாது என்று போதகர் சொல்லிவிட்டார். லயத்தில் யார் கேட்டார்கள். அடுத்த நத்தாருக்குத் தோட்டத்து வாலிபர்கள் இருநூறு தாள் அடிக்க வந்தார்கள். அந்த வருடம் சாவு நடந்த வீட்டு வாசலில் முதலில் அந்தப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவது என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது என்றார்கள். "பேர மட்டும் எடுத்துருங்க நானா. பாஸ்டர் ஐயா கோச்சுக்குவாரு." கட்டி வைத்திருந்த எழுத்தை அவிழ்த்து, "இயற்றியவர்" என்ற வரியை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். "றை"யை மாற்ற அப்போது ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை. மாற்றினால் யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று கேள்வி வரும்.

அந்தப் போதகர் மாற்றலாகிப் போனதும் பாட்டு தானாகவே கோயிலுக்குள் திரும்பி வந்தது. பெயரில்லாமல், முன்னறையோடு. பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிற்று, ஆஸ்பத்திரி வார்ட்டில் நேர்ஸ்மார் பாடினார்கள். நான் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது எல்கடுவப் பாதையில் ஒரு காலை. மண் சரிந்து பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றது. பின் சீட்டில் இருந்த பெண் பிள்ளைகள் பொழுது போகாமல் அதைப் பாடினார்கள். பஸ் முழுக்க மூடுபனி. கொண்டக்டர் என்னிடம் சிங்களத்தில் அர்த்தம் கேட்டார். வீட்டின் முன்னறையில் கிடத்தியிருப்பவனே, முகத்தைக் காட்டு என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். அவ்வளவு அழகாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் முள் குத்திக்கொண்டேதான் இருந்தது.

தேவசகாயத்தை அதற்குப் பிறகு இரண்டு தரம் மாத்தளைப் பொலையில், வாரச் சந்தையில், கண்டேன். இரண்டு தரமும் அவர்தான் சிரித்தார். ஒரு தரம் என் கையைப் பிடித்து, "பிரஸ் நல்லா நடக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கை சூடாக இருந்தது. ஹாஜியார் அதற்குள் மௌத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார். பொய்யை மறைக்க ஹாஜியாரைக் காரணம் சொல்லவும் வழியில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பிறகு தேவசகாயமும் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது.

ஷர்மிளா டீச்சரிடம் எழுதித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், இதை முதலில் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று உறைத்தது. போன செவ்வாய்க்கிழமை காலை எல்கடுவ பஸ் ஏறினேன். எஸ்தர் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். பிள்ளைக் காம்பராவில், அதாவது அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், இருபத்தைந்து வருடம் ஆயாவாக இருந்து இப்போது ஓய்வு. வாசலில் பாய் விரித்துக் கராம்பு காம்பு ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "வாங்க, பிரஸ் நானா," என்று கதிரை எடுத்துப் போட்டார்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம். கொப்பி, புரூப், லாச்சி, மண்ணெண்ணெய் எல்லாம் சொன்னேன். அவர் கை கராம்பை ஆய்ந்துகொண்டே இருந்தது.

"வார்த்தைய மாத்தச் சொல்லிடாதீங்க," என்றார் கடைசியில். "அப்பாவ முன்னறையில கெடத்தியிருந்தப்ப லயமே வந்து அதத்தான் பாடுனிச்சு. இனி மாத்தினா யாரும் பாட மாட்டாங்க. அதப் பழக்கிக் குடுத்ததும் நாந்தானே. தாள்ல பாத்தப்ப, அப்பா புதுசா என்னமோ எழுதியிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வார்த்த அவருகிட்டக் கேக்கல." ஆய்ந்த கராம்பை ஒரு பக்கம் ஒதுக்கினார். "பேர மட்டும் போடச் சொல்லுங்க."

"போடச் சொல்றேன், தங்கச்சி."

"நானா, ஒண்ணு கேக்கவா? அந்தக் கடுதாசியில அப்பா முன்னணைன்னுதான் எழுதியிருந்தாரா? நல்லாத் தெரியுமா ஒங்களுக்கு?"

"வல்லாஹி, சத்தியமா. என்ட கண்ணால பாத்தேன். தெளிவா எழுதியிருந்தார். ஹாஜியாரும் பாத்தார்."

கராம்பு ஆய்ந்த கை நின்றது.

"ஒங்ககிட்ட வந்து கேட்டுட்டுப் போனாருல்ல, அன்னைக்கு ராவு முழுக்கத் தூங்கலைங்க. பிரஸ் நானா எழுத்த மாத்த மாட்டாரு, கொப்பியப் பாத்துத்தான் கோப்பாரு, அப்ப நாந்தான் கை தவறி எழுதியிருக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வேதத்துல இருக்க வார்த்தைய நானே எப்படி மறந்தேன்னு கேட்டாரு. மறுநாள் டவுனுக்குப் போயி, பாஸ்டர் ஐயா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு. அதுக்கப்புறம் பிரசங்கத்துக்குக் கூப்பிட்டாலும் போகலைங்க. எனக்குப் புத்தி தடுமாறிருச்சு, நான் எதையாச்சும் தப்பாச் சொல்லிருவேன்னு சொல்லிருவாரு. ஃபெக்டரியில துண்டுத் தாள் கெடச்சா, அந்த ஒரு வரிய எழுதி எழுதிப் பாப்பாரு, கை எங்க தவறுதுன்னு. சாகுற வருசம் வரைக்கும் பாத்தாரு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கொழும்பில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல, பயப்படாத. அப்பா சரியாத்தான்டா எழுதியிருக்காரு."

அந்தப் பக்கம் தம்பி என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. எஸ்தர் மட்டும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆமா, சரியாத்தான் எழுதியிருக்காரு, அப்பா சரியாத்தான் எழுதியிருக்காரு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.